மூல நோயும் மருத்துவத்திற்குப் பின் வாழ்வும்

அவையில் பேசத் தகாதவை என்று சில பொருள்களை நம்மவர் ஒதுக்கி வைத்துள்ளனர். அவற்றுள் மூல நோயும் ஒன்று. காய்ச்சல் கண்டால் ஊரெல்லாம் அறியும். கண்ணில் புரை வளர்ந்தால், எந்த மருத்துவமனைக்குச் செல்வது என்று உறவினர் கூடி வாதிடுவர். சர்க்கரை நோயோ இன்று திருமணப் பந்தியில் உரையாடலைத் தொடங்குதற்கு உரிய பொருளாகிவிட்டது. மூலம் கண்டவர் மட்டும் வாய் திறப்பதில்லை. மனைவிக்குத் தெரியாமல் கணவனும், கணவனுக்குத் தெரியாமல் மனைவியும் ஆண்டுக்கணக்கில் அதனைச் சுமந்து திரிவதுண்டு. மாணவர் இதழில் இதனை எழுதுவது தகுமோ என வினவும் நண்பர்க்கு ஒன்று கூறுவேன்: மருத்துவ நூல்கள் இதனை மறைத்துப் பேசவில்லை. மறைப்போர் நாமே. அதனால் துன்புறுவோர் நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியருமே.

யான் புள்ளியியல் பயிலும் மாணவன், மருத்துவன் அல்லேன். மருந்து கூறுவது என் வேலையன்று. மூல நோய்க்கு மருத்துவம் செய்துகொண்டவரின் வாழ்வு உண்மையிலேயே நலம் பெற்றதா என்பதை எவ்வாறு அறிவது, எவ்வாறு அளப்பது, அளந்தவர்கள் கண்டது என்ன என்பவற்றை மட்டும் ஈண்டு ஆராய விழைகின்றேன்.

மூலம் என்ற சொல்லுக்கு வேர், அடி, முதல் என்று பொருள். மராத்தி மொழியிலும் இந்நோய்க்கு 'மூள்வியாத்' என்றே பெயர். தேஹு ரோட்டிலிருந்து சிவாஜிநகருக்கு நாள்தோறும் மின்தொடர் வண்டியில் வரும் நண்பர்கள், இச்சொல்லைப் பெட்டியின் சுவரில் ஒட்டிய சிறு தாள்களில் பன்முறை கண்டிருப்பார்கள். நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் 'மூலம், பவுத்திரம்' என்று எழுதிய பலகைகள் தொங்குவது போன்றதே இது. மொழி வேறு, வாக்குறுதி ஒன்று. கத்தி இல்லை, வலி இல்லை, ஒரே நாளில் குணம்! அந்தக் 'குணம்' என்னும் சொல்லுக்குப் பொருள் யாது? குருதி நின்றால் குணமா? வெளியே வந்தது உள்ளே போனால் குணமா? அல்லது அம்மனிதர் மீண்டும் அச்சமின்றி வேலைக்குச் சென்று, பந்தியில் அமர்ந்து உண்டு, நிம்மதியாக உறங்கினால்தான் குணமா? விளம்பரம் ஒட்டியவரை விட்டுவிடுவோம். பெரிய மருத்துவ ஆராய்ச்சியாளர்களே இவ்வினாவிற்கு நெடுங்காலம் சரியான விடை தேடவில்லை என்பதே வியப்பு.

நோயின் இயல்பைச் சிறிது அறிந்துகொண்டாலன்றி மேலே செல்ல இயலாது. ஆசனவாயின் உட்புறத்தே மென்மையான மூன்று மெத்தைகள் உள்ளன. இடப்புறம் ஒன்று, வலப்புறம் முன்னும் பின்னுமாக இரண்டு. இரத்தக் குழாய்களும், மெல்லிய தசை இழைகளும், அவற்றைக் கட்டிப் பிடித்திருக்கும் நார்களும் சேர்ந்து ஆனவை அவை. நோயில்லாதவரிடமும் குழந்தைகளிடமும்கூட இவை உண்டு. நீர்க்குழாயின் திருகினுள்ளே ரப்பர் வாஷர் இருந்து ஒரு துளியும் கசியாமல் அடைப்பது போல, இவை ஆசனவாயை நன்கு மூடிவைக்கின்றன. ஓய்வு நிலையில் அதனை மூடிவைக்கும் அழுத்தத்தில் 15 முதல் 20 விழுக்காடு இம்மெத்தைகளால் வருவது. 1975-இல் பிரிட்டனைச் சேர்ந்த டாம்சன் என்னும் அறுவை மருத்துவர் இக்கருத்தைத் தெளிவாக நிலைநாட்டினார். அதற்கு முன், காலில் நரம்பு சுருண்டு புடைப்பதைப் போன்ற ஒன்றே மூலம் என்று பலரும் எண்ணியிருந்தனர். மெத்தையைப் பிடித்திருக்கும் நார்கள் தளர்ந்து, முக்கும்போதெல்லாம் மெத்தை கீழே சரிந்து, வீங்கிக் குருதி ஒழுக்குவதே மூல நோய் என்பது டாம்சனுக்குப் பின் ஏற்பட்ட தெளிவு. ஆகவே மூலம் என்பது எங்கிருந்தோ வந்து முளைத்த வேண்டாத கட்டி அன்று. நமக்கு வேண்டிய உறுப்பொன்று இடம் பெயர்ந்த நிலை. அதை முழுவதும் வெட்டி எறிந்தால் கசிவு ஏற்படக்கூடும் என்பதும் இதனால் விளங்கும்.

ஆசனவாயின் உள்ளே பற்சக்கரம் போன்ற ஒரு கோடு உண்டு. அதற்கு மேலுள்ள பகுதியில் குத்தினாலும் கிள்ளினாலும் வலி தெரியாது. கீழுள்ள பகுதியிலோ தோலைப் போலவே வலி தெரியும். உள்மூலம் வலியின்றிச் சிவப்புக் குருதியாக ஒழுகுவது இதனாலேயே. மிகுந்த வலி இருப்பின், வெளிமூலத்தில் குருதி உறைந்திருக்கலாம். அல்லது ஆசனவாய்த் தோலில் வெடிப்பு இருக்கலாம்.

உள்மூலத்தை மருத்துவர் நான்கு படிகளாக வகுப்பர். வெளியே வாராமல் குருதி மட்டும் ஒழுகுவது முதற்படி. முக்கும்போது வெளிவந்து தானே உள்ளே செல்வது இரண்டாம் படி. விரலால் தள்ளினால்தான் செல்வது மூன்றாம் படி. தள்ளினாலும் செல்லாதது நான்காம் படி. கோலிகர் என்பாரின் பெயரால் வழங்கும் இப்பகுப்பு மிக எளியது, கற்பதற்கு இனியது. ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

மருத்துவ முறைகளின் வரலாறு நெடியது. சுருக்கமாகவே சொல்கின்றேன். மருந்து, காரம், சூடு, கத்தி என நால்வகை வழிகளைச் சுசுருத சங்கிதை கூறுகின்றது. சித்த மருத்துவ நூலான யூகி வைத்திய சிந்தாமணி மூலத்தை 21 வகையாகப் பகுக்கின்றது. துத்தி இலையும் கருணைக்கிழங்கும் நம் பாட்டிமார் அறிந்தவை. மேனாட்டில், 1835-இல் லண்டனில் ஃபிரடெரிக் சால்மன் என்பவர் ஏழை மக்களுக்கென ஆசனவாய் நோய் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் செயின்ட் மார்க்ஸ் என்று புகழ் பெற்றது அது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1841-இல் பவுத்திரத்திற்குக் கத்தி வைத்துக்கொண்டது இந்தச் சால்மனிடந்தான். பெரியோர்க்கும் இந்நோய்கள் வந்தன என்று அறிவதில் ஒருவகை ஆறுதல் இருக்கத்தான் செய்கின்றது! அதே மருத்துவமனையில் மில்லிகன், மார்கன் என்னும் இருவரும் உடனிருந்தோரும் 1937-இல் வெளியிட்ட வெட்டு முறை இன்றும் உலகெங்கும் கையாளப்படுகின்றது. 1963-இல் டெட்ராய்ட் நகர மருத்துவர் பாரன், மூலத்தின் அடியில் சிறு ரப்பர் வளையத்தை மாட்டி அதனைத் தானே உதிரச் செய்யும் முறையைப் பரப்பினார். வலி தெரியாத மேற்பகுதியில் வளையம் மாட்டப்படுவதால், மயக்க மருந்தின்றிப் புறநோயாளர் அறையிலேயே இதனைச் செய்யலாம். 1995-இல் ஜப்பானியரான மொரினாகா, ஒலி அலைக் கருவியால் தமனிகளைத் தேடிக் கண்டு கட்டும் முறையைக் கூறினார். 1998-இல் இத்தாலியரான லாங்கோ, வட்டமான தைப்புக் கருவியால் தளர்ந்த மெத்தையை மேலே தூக்கி நிறுத்தும் முறையைக் கொணர்ந்தார்.

இத்தனை முறைகளுள் சிறந்தது எது? அறுவை மருத்துவர் தம் கண்ணால் கண்டு விடை கூறினர். மூலம் திரும்ப வந்ததா? புண் ஆறியதா? குருதி மிகுதியாகப் போயிற்றா? இவை மருத்துவர் கேட்கும் வினாக்கள். நோயாளர் கேட்கும் வினாக்கள் வேறு. எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம்? வேட்டியில் கறை படியுமா? மறுநாள் காலையை எண்ணி இரவு முழுதும் அஞ்ச வேண்டுமா?

உலக நலவாழ்வு நிறுவனம் 1948-ஆம் ஆண்டிலேயே, உடலும் உள்ளமும் சமூக வாழ்வும் நன்றாக இருத்தலே நலம் என்று இலக்கணம் வகுத்துவிட்டது. ஆனால் அதனை அளக்கும் கோல் கையில் இல்லை. 1991-இல் அந்நிறுவனமே அவ்வளவுகோலை உருவாக்க முற்பட்டது. மேனாட்டார் வினாக்களை எழுதி ஏனையோர் மொழிபெயர்த்துக்கொள்வது என்னும் பழைய வழக்கத்தை அது பின்பற்றவில்லை. உலகின் 15 நகரங்களில் மக்களை அழைத்துப் பேசி, நல்வாழ்வு என்று அவர்கள் எதனைக் கருதுகின்றார்கள் என்று கேட்டு, அவற்றிலிருந்து வினாக்களைத் திரட்டினர். அப்பதினைந்தனுள் புதுதில்லியும் சென்னையும் இடம்பெற்றன. ஆகவே 100 வினாக்கள் கொண்ட அப்பெரும் படிவத்திலும், 26 வினாக்கள் கொண்ட அதன் சுருக்கத்திலும் தொடக்க முதலே தமிழுக்குப் பங்கு உண்டு. இச்செய்தி நம் மாணவரிடையே போதிய அளவு பரவவில்லை. ஒருவர் தாம் வாழும் பண்பாட்டினுள் நின்று, தம் குறிக்கோள்களையும் கவலைகளையும் வைத்துத் தம் நிலையைத் தாமே எவ்வாறு மதிக்கின்றாரோ அதுவே வாழ்க்கை நலம் என்பது அந்நிறுவனத்தின் கருத்து. மதிப்பவர் நோயாளரே, மருத்துவர் அல்லர்.

இதனினும் சுருக்கமான மற்றொரு கோல் ஐரோப்பியக் குழு ஒன்று ஆக்கியது. ஐந்தே தலைப்புகள்: நடமாட்டம், தன்னைத் தானே பேணிக்கொள்ளல், வழக்கமான வேலைகள், வலி அல்லது இன்னல், கவலை அல்லது சோர்வு. ஒவ்வொன்றிற்கும் மூன்று படிகள். மூன்றை ஐந்து முறை பெருக்கினால் 243 நிலைகள் வரும். முழு நலத்திற்கு 1 என்றும், இறப்பிற்கு 0 என்றும் வைத்து, இடைப்பட்ட நிலைகளுக்குப் பொதுமக்களிடம் கேட்டு மதிப்புத் தந்துள்ளனர். எந்நாட்டுப் பொதுமக்கள் என்பது நியாயமான வினா. வலியை மதிக்கும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடும் அன்றோ? ஒவ்வொரு தலைப்பிற்கும் ஐந்து படிகள் கொண்ட புதிய வடிவத்திற்கு, இந்தியாவில் 5 மாநிலங்களில் மூவாயிரத்திற்கு மேற்பட்டோரிடம் கேட்டுத் தொகுத்த நம் நாட்டு மதிப்புகள் 2022-இல் வெளிவந்துவிட்டன.

இக்கோலைக் காலத்தோடு சேர்த்து அளப்பதில்தான் புள்ளியியலின் நுட்பம் உள்ளது. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். இது கற்பனைக் கணக்கே. ஒருவர் கடுமையான அறுவை செய்துகொண்டு முதல் மாதம் 0.6 என்ற நிலையில் வருந்துகிறார். அடுத்த 23 மாதமும் 0.9 நிலையில் வாழ்கிறார். மாதக் கணக்கில் 0.6-உம் 20.7-உம் சேர்ந்து 21.3. மற்றொருவர் மென்மையான அறுவை செய்துகொண்டு முதல் மாதம் 0.8, அடுத்த 11 மாதம் 0.9 என்று மகிழ்கிறார்; பின்னர்த் தொல்லை திரும்பி எஞ்சிய 12 மாதமும் 0.8-இல் கழிகின்றது. 0.8, 9.9, 9.6 ஆகியவை சேர்ந்து 20.3. முதல் மாதத்தில் இருவரையும் கண்டவர், இரண்டாமவரே பேறு பெற்றவர் என்பார். இரண்டாண்டு முடிவிலோ முதலாமவர் ஒரு முழு நல மாதம் மிகுதியாக வாழ்ந்திருப்பார். வரைபடத்தில் இது வளைகோட்டின் கீழுள்ள பரப்பு. நாம் பி.எஸ்ஸி. வகுப்பில் தொகையீடு கற்றபோது, இது யாருக்குப் பயன்படும் என்று முணுமுணுத்தோம். மூல நோயாளருக்குப் பயன்படும்!

இனி 2016-ஆம் ஆண்டிற்கு வருவோம். அவ்வாண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் மூலத்தைப் பற்றிய இரு பெரும் ஆய்வுகள் வெளிவந்தன. இரண்டும் பிரிட்டனில் நடந்தவை. முதலாவது, 32 மருத்துவமனைகளில் 777 பேரைக் குலுக்கல் முறையில் இரு கூறாக்கியது. ஒரு கூற்றாருக்கு லாங்கோவின் தைப்புக் கருவி. மற்றொரு கூற்றாருக்குப் பழைய வெட்டு முறை. தைப்புக் கருவியால் செய்துகொண்டவர்க்குத் தொடக்கத்தில் வலி குறைவு. முதல் ஆறு வாரம் அவர்தம் வாழ்க்கை நல மதிப்பும் உயர்ந்திருந்தது. அதற்குப் பின் நிலை மாறியது. 24 மாதப் பரப்பைக் கூட்டிப் பார்த்தபோது, பழைய வெட்டு முறையாரே முன்னின்றனர். வேறுபாடு 0.073. ஆண்டுக் கணக்கான இதனை நாட்கணக்கிற்கு மாற்றினால், ஆளுக்கு ஏறத்தாழ 27 முழு நல நாட்கள் ஆகின்றது. ஆறாம் வாரத்தோடு ஏட்டை மூடியிருந்தால் தவறான விடையே கிடைத்திருக்கும். வலி குறைவு என்னும் ஒரே காரணத்தால் விலை மிகுந்த கருவியை வாங்கியோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் ஆய்வில் 17 மருத்துவமனைகளில் 372 பேர் சேர்ந்தனர். பாரனின் எளிய ரப்பர் வளையம் ஒரு பக்கம்; மொரினாகாவின் ஒலிக் கருவி வழித் தமனிக் கட்டு மறு பக்கம். ஓராண்டில் வளையத்தாருள் 49 விழுக்காட்டினர்க்கும், தமனிக் கட்டினருள் 30 விழுக்காட்டினர்க்கும் மூலம் திரும்பியதாகக் கணக்கு வந்தது. இவ்வெண்களை மட்டும் காண்பவர், வளையம் தோற்றது என்பர். ஆயினும் நோயாளரின் குறிகளைக் கேட்டு எண்ணியபோதும், வாழ்க்கை நல மதிப்பை அளந்தபோதும் இரு சாராரிடையே வேறுபாடு தோன்றவில்லை. தொடக்க வலியோ தமனிக் கட்டினர்க்கே மிகுதி. 49-உம் 30-உம் எங்கிருந்து வந்தன என்று ஆராய்ந்தால் உண்மை விளங்கும். வளையத்தை மறுமுறை மாட்ட நேர்ந்தாலே அதனை 'மூலம் திரும்பியது' என்று எழுதிக்கொண்டனர். சில நிமிட வேலையை இரண்டாம் முறை செய்துகொள்வதை நோயாளர் தோல்வியாகக் கருதவில்லை.

இவ்விரு ஆய்வுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தல் நலம். முன்னதில், தொடக்கத்தில் இனித்தது பின்னர்க் கசந்தது. பின்னதில், மருத்துவரின் ஏட்டில் பெரிதாகத் தோன்றிய வேறுபாடு வாழ்வில் தடமின்றி மறைந்தது. நோயாளரைக் கேளாமல் இவ்விரண்டனுள் ஒன்றையும் அறிந்திருக்க முடியாது.

நான்கு படிப் பகுப்பின் குறையைப் பின்னர்க் கூறுவதாகச் சொன்னேன். 2008-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் 270 நோயாளரை ஆராய்ந்து, மூலம் வெளித்தள்ளும் படிக்கும் அவர்கள் கூறும் துன்பத்திற்கும் உள்ள உறவு மிகவும் நலிந்தது என்று காட்டினர். அஃதாவது, இரண்டாம் படியில் உள்ளவர் கவலையால் உருகலாம். நான்காம் படியில் உள்ளவர் அதனைப் பொருட்படுத்தாமல் வாழலாம். படியைக் கொண்டு துன்பத்தை அளப்பது, செருப்பின் அளவைக் கொண்டு பசியை அளப்பது போலாகும். 2019-இல் டென்மார்க் நாட்டார் மூல நோயாளர்க்கென்றே சிறு படிவம் ஒன்று ஆக்கினர். வலி, அரிப்பு, குருதி, கசிவு, வெளித்தள்ளல் என்னும் ஐந்தும் எத்துணை அடிக்கடி வருகின்றன என்று அது கேட்கின்றது. அதனோடு சேர்ந்த நான்கு வினாக்கள் சிறப்பானவை: குறிகள் எவ்வளவு கடுமை, அன்றாட வேலையை எவ்வளவு தடுக்கின்றன, எவ்வளவு கவலை தருகின்றன, பொதுவாக எவ்வாறு இருக்கின்றீர்கள்? அவ்வாண்டிலேயே ஐரோப்பிய வல்லுநர் குழு ஒன்றும், மூல நோய் ஆய்வுகளில் நோயாளர் தாமே கூறும் குறிகளுக்கே முதலிடம் தர வேண்டும் என்று முடிவு செய்தது.

இவற்றையெல்லாம் படித்துவிட்டுத் தேஹு ரோட்டை எண்ணிப் பார்க்கின்றேன். படைக்கலக் கிடங்குகளையும் தொழிற்சாலைகளையும் நம்பித் தமிழ்நாட்டிலிருந்து வந்து, தலைமுறைகளாக இங்கே வாழும் நம்மவர் பலர். பொதி தூக்குவோரும், நாள் முழுதும் நின்று வேலை செய்வோரும், இரவு முறைக்குச் செல்வோரும் அவருள் உளர். இவருள் ஒருவரிடம் 'வழக்கமான வேலைகளில் தடை உண்டா' என்று படிவத்தை நீட்டினால், 'இல்லை' என்றே குறிப்பார். வேலைக்குத்தான் ஒரு நாளும் தவறாமல் போகின்றாரே! கழிப்பிடத்தில் நெடுநேரம் ஆகும் என்பதற்காக நான்கு மணிக்கே எழுவதையும், வண்டியில் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வருவதையும், திருமண வீட்டில் தரைப் பந்தியைத் தவிர்த்துப் 'பிறகு உண்கிறேன்' என்று நழுவுவதையும், கறை தெரியாதிருக்கக் கருநிறக் காற்சட்டையே அணிவதையும் அவர் தடையென எண்ணுவதில்லை. அவையே அவருடைய வழக்கமாகிவிட்டன. பொதுக் கழிப்பிடத்தில் வரிசையில் நின்று, கதவைத் தட்டும் ஓசையைக் கேட்டுக்கொண்டே காலைக் கடன் முடிப்பவருடைய துன்பம், வீட்டினுள் கழிப்பறை உடையவர் எழுதிய படிவத்தில் எளிதாக அகப்படாது.

மற்றொன்றும் உண்டு. மருத்துவமனையில் மருத்துவர் மராத்தியிலோ இந்தியிலோ கேட்கின்றார். இளைஞர் மறுமொழி கூறிவிடுவர். ஊரிலிருந்து பிற்காலத்தில் வந்து சேர்ந்த தாய்க்கும் பாட்டிக்கும் அம்மொழிகள் கடைத்தெரு அளவிற்கே தெரியும். மகனோ பேரனோ உடன் சென்று மொழிபெயர்க்கின்றான். ஆசனவாயில் குருதி வருகின்றது என்பதை ஒரு தாய் மகன் வாயிலாக எவ்வாறு உரைப்பாள்? 'வயிறு சரியில்லை என்று சொல்லப்பா' என்பாள். மகன் அவ்வாறே சொல்வான். வயிற்றுக்கு மாத்திரை கிடைக்கும். மகப்பேற்றுக் காலத்தில் மூலம் தோன்றுவது பெண்களிடையே மிகப் பொதுவானது. அன்று தோன்றியதை இருபது ஆண்டு மறைத்தவர் உண்டு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 57 விழுக்காட்டினர் முன்னமே சோகையுற்றவர். அவர்களிடமிருந்து நாள்தோறும் சிறிது குருதி ஒழுகினால், மூச்சு வாங்குதலும் தலைச்சுற்றலும் 'வயதாகிவிட்டது' என்ற பெயரில் மறைந்துகொள்ளும்.

மறைப்பதில் இதனினும் பெரிய இடர் ஒன்று உள்ளது. குருதி வருவதெல்லாம் மூலம் அன்று. பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோயும் குருதியாகவே தன்னை அறிவிக்கும். நாற்பது வயதைக் கடந்தவர்க்குப் புதிதாகக் குருதி கண்டாலும், குருதி கருமையாகவோ மலத்தோடு கலந்தோ வந்தாலும், மலங்கழிக்கும் பழக்கம் மாறினாலும், காரணமின்றி உடல் மெலிந்தாலும், குடும்பத்தில் இந்நோய் முன்பு இருந்தாலும் தகுதி பெற்ற மருத்துவரிடம் சென்று உள்ளே பார்க்கச் சொல்ல வேண்டும். பெட்டிச் சுவரில் தாள் ஒட்டியவர் உள்ளே பார்ப்பதில்லை. ஊசி போட்டு அனுப்பிவிடுவார்.

மூலந்தான் என்று உறுதியானால் அஞ்சவேண்டுவதில்லை. பலருக்குக் கத்தி வேண்டியதே இல்லை. 2005-இல் ஏழு ஆய்வுகளில் சேர்ந்த 378 பேரின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நார்ப் பொருளை மிகுதியாக உட்கொண்டவரிடம் குருதிப் போக்கு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது தெரிந்தது. குஜராத்தில் விளையும் இசப்கோல் உமி எந்தக் கடையிலும் கிடைக்கும். அதனை நிறைய நீரோடு அருந்த வேண்டும். நம்மவர் இங்கு வந்தும் வெள்ளையரிசிச் சோற்றையும் அவசரத்திற்கு வடா பாவையும் நம்பி வாழ்கின்றனர். அண்டை வீட்டு மராத்தியர் உண்ணும் சோளப் பாக்கரியும் வெந்தயக் கீரையும் இவ்வகையில் நமக்கு ஆசிரியர்கள். மாணவ நண்பர்க்குத் தனியே ஒரு சொல்: 2025-இல் அமெரிக்காவில் 125 பேரிடம் நடந்த ஆய்வொன்றில், கழிப்பறைக்குக் கைப்பேசி கொண்டு செல்வோர்க்கு மூலம் இருக்கும் வாய்ப்பு 46 விழுக்காடு மிகுதியாகக் காணப்பட்டது. சிறிய ஆய்வுதான், கைப்பேசியே காரணம் என்று அதனைக்கொண்டு அறுதியிட இயலாது. எனினும் விடுதியில் வெளியே காத்திருப்போர் இம்முடிவை மனமார வரவேற்பர்!

நம் மன்றத்தார் செய்யத்தக்க பணி ஒன்று இதில் இருப்பதாக எனக்குப் படுகின்றது. மருத்துவமனைக்குச் செல்லும் முதியோர்க்கு மகனல்லாத ஒரு மொழித்துணை வேண்டும். பெண்களுக்குப் பெண்ணே துணையாதல் வேண்டும். நம்முள் மராத்தியும் தமிழும் நன்கறிந்த மாணவியர் பலர் உளர். அயலார் முன் நாணம் மிகும் என்று சிலர் கூறலாம். என் கருத்து வேறு. தன் வயிற்றுப் பிள்ளையிடம் கூறவியலாததை முன்பின் அறியாத ஒரு பெண்ணிடம் எளிதாகக் கூறலாம். துணையாகச் செல்பவர் சொற்களைச் சிறிது பயின்றுகொள்ள வேண்டும். மூலத்திற்கு மூள்வியாத், பவுத்திரத்திற்குப் பகந்தர். 'வயிறு சரியில்லை' என்றால் அங்கேயே நிறுத்தாமல், 'போகும்போது இரத்தம் வருகிறதா அம்மா? எத்தனை நாளாக?' என்று தாழ்ந்த குரலில் கேட்டு, அவர் சொன்னதைக் கூட்டாமலும் குறைக்காமலும் மருத்துவரிடம் உரைத்தல் வேண்டும்.

படிவத் தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேனாட்டு வினாவைத் தமிழாக்கி, அத்தமிழை மற்றொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கி, இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது முறை. ஆனால் இரண்டு ஆங்கிலமும் பொருந்திவிட்டால் தமிழ் நன்றாக உள்ளது என்று பொருளாகாது. 'இன்னல்' என்று அச்சிட்ட சொல்லைக் கிடங்குத் தொழிலாளி தம் வாழ்நாளில் ஒருமுறையும் கூறியிருக்கமாட்டார். 'எரிச்சல்', 'கடுப்பு', 'குத்தல்', 'நமைச்சல்' என்று நான்கு வேறு துன்பங்களுக்கு அவரிடம் நான்கு சொற்கள் உள்ளன. அவர் ஒன்றைச் சொன்னால் மற்றொன்றை எழுதலாகாது. எனவே ஆய்வு செய்ய விரும்பும் மருத்துவக் கல்லூரி நண்பர்கள், படிவத்தை அச்சிடுமுன் பத்துப் பேரிடமாவது வாய்மொழியாகக் கேட்டு, அவர் சொல்லும் சொல்லையே வினாவில் வைத்தல் நன்று. 'வேலைக்குப் போனீர்களா' என்பதோடு, 'உட்கார்ந்து வேலை செய்தீர்களா, நின்றுகொண்டா', 'எத்தனை மணிக்கு எழுகின்றீர்கள்', 'பந்தியில் அமர்ந்தீர்களா' என்பனவும் இடம்பெற வேண்டும். மருத்துவத்திற்கு முன் ஒருமுறை, ஆறாம் வாரத்தில் ஒருமுறை, ஓராண்டில் ஒருமுறை, இரண்டாம் ஆண்டு முடிவில் ஒருமுறை என நான்கு முறை கேட்க வேண்டும். வேலை தேடி இடம் மாறுவோர் மிகுந்த ஊராதலால், முதல் நாளிலேயே உறவினர் ஒருவரின் முகவரியையும் அவர் இசைவோடு எழுதி வாங்கிக்கொண்டால்தான் நான்காம் முறை ஆள் அகப்படுவார்.